டிக்கெட் உங்க கையில... முகம் யார் கையில?

2022 நவம்பர். நியூயார்க்கின் புகழ்பெற்ற ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலுக்கு, மகளோட சாரணியர் குழுவைக் கூட்டிக்கிட்டு கிறிஸ்துமஸ் ஷோ பார்க்க வந்தார் ஒரு அம்மா. மெட்டல் டிடெக்டரைத் தாண்டினதுமே செக்யூரிட்டி ஆட்கள் அவரை ஓரமா கூப்பிட்டாங்க. எந்த நிறுவனத்துல வேலை பார்க்கிறார்ங்கிறது வரைக்கும் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. மகள் உள்ளே ஷோ பார்க்க, அம்மா வெளியே காத்திருந்தார்.

அவர் செஞ்ச குற்றம்? ஒண்ணுமில்லை. அவர் ஒரு வழக்கறிஞர். அவர் வேலை பார்க்கிற சட்ட நிறுவனம், அரங்கத்தை நடத்தும் எம்.எஸ்.ஜி குழுமத்தைச் சேர்ந்த ஓர் உணவகத்துக்கு எதிரா வழக்கு நடத்திக்கிட்டிருந்தது. அந்த வழக்குக்கும் இவருக்கும் நேரடித் தொடர்புகூட இல்லை. இப்படி சுமார் 90 சட்ட நிறுவனங்களின் வழக்கறிஞர்களுக்கு 'நோ என்ட்ரி' போட்டிருந்தது எம்.எஸ்.ஜி. 2023 ஜனவரியில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் லெட்டிஷியா ஜேம்ஸ், இதுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. பொதுவா இந்த கேமராக்களுக்குச் சொல்லப்படும் காரணம் பாதுகாப்பு. ஆனா, பாதுகாப்புக்காக வெச்ச அதே கேமரா, முதலாளிக்குப் பிடிக்காதவங்களை வடிகட்டவும் உதவும். பட்டியல்ல ஒரு போட்டோவைச் சேர்த்தா போதும், வேலை முடிஞ்சது.

டெக்னாலஜி இப்படித்தான் வேலை செய்யுது: கண், மூக்கு, தாடைன்னு உங்க முகத்தோட அமைப்பை சாஃப்ட்வேர் எண்களா மாத்திக்கும். அந்த எண்களைக் கையில இருக்கிற பட்டியலோட ஒப்பிடும். 'கிட்டத்தட்ட ஒரே மாதிரி'ன்னு தோணினா அலர்ட் கொடுக்கும். அந்த 'கிட்டத்தட்ட'தான் வம்பே. 2017-ல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் நடந்தப்போ போலீஸ் இதைப் பயன்படுத்துச்சு. வந்த அலர்ட்கள் 2,470. அதுல 2,297 தப்பு! மேட்ச் பார்க்க வந்த ரசிகரை, தேடப்படும் ஆளோன்னு சந்தேகப்பட்டா எப்படி இருக்கும்? அதே போலீஸ் இந்த டெக்னாலஜியைப் பயன்படுத்தின விதம் சட்டவிரோதம்னு 2020-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதுக்கப்புறம் சாஃப்ட்வேர் நிறையவே முன்னேறியிருக்கு. ஆனா, துல்லியம் கூடக் கூட எம்.எஸ்.ஜி மாதிரி ஆட்களுக்கு வேலை இன்னும் சுலபம்தானே?

டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரி கதை வேற ரகம். 2018-ல் கலிஃபோர்னியாவின் ரோஸ் பௌல் மைதானத்துல ஒரு ஸ்கிரீன்ல அவரோட ரிகர்சல் வீடியோக்கள் ஓடுச்சு. ரசிகர்கள் நின்னு ரசிச்சாங்க. ஸ்கிரீனுக்குள்ள இருந்த கேமரா அவங்களைப் படம் பிடிச்சு, ஸ்விஃப்டைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தவங்க யாராவது இருக்காங்களான்னு ஒப்பிட்டுப் பார்த்ததா அந்த வருஷக் கடைசியில செய்தி வந்துச்சு. அவருக்கு ஆபத்து இருந்தது உண்மை. அதை யாரும் மறுக்கலை. ஆனா, வீடியோ பார்த்தவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாஸ்?

நம்ம ஊர்ல? மாரத்தான்லயும் கல்யாண ரிசப்ஷன்லயும் 'ஒரு செல்ஃபி அப்லோடு பண்ணுங்க, உங்க போட்டோ எல்லாம் வந்துடும்'னு லிங்க் வருதுல்ல, அதுவும் இதே டெக்னாலஜிதான். வசதிதான், மறுக்க முடியாது. ஆனா பாஸ்வேர்டு லீக் ஆனா மாத்திக்கலாம், முகத்தை மாத்த முடியாது. 2023-ல் நிறைவேறின டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உங்க தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைக் கொடுக்குது. அமலுக்குப் படிப்படியாத்தான் வருது. அரசு அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்கவும் அதுல வழி இருக்கு.

அதனால அடுத்த தடவை அந்த லிங்க் வந்தா, செல்ஃபி எடுக்கிறதுக்கு முன்னாடி நிகழ்ச்சி நடத்துறவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. இது யார்கிட்ட போகுது? எப்போ அழிப்பீங்க?