தூரமும் நேரமும்

ஆகாய விமானத்தின் வரவால் உலகம் சுருங்கிவிட்டதென்று முழங்காத மேடையில்லை. நம் கல்லூரிச் சொற்போர் மன்றத்திலும் இக்கூற்றை நாம் பலகாற் கேட்டிருக்கின்றோம். இது முற்றும் பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. ஆயின், சுருங்கிய உலகம் மீண்டும் விரியவுங் கூடுமென்பதைப் பேசுவோர் மறந்துவிடுகின்றனரென்றே கருதுகின்றோம்.

பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்ஸிங்கியிலிருந்து டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்திற்குச் செல்லும் வழியை எடுத்துக்கொள்வோம். தட்டையான தேசப் படத்திற் கோடிழுத்துப் பார்ப்பவர் ஏமாந்து போவர். பூகோள உருண்டையின்மீது ஒரு நூலை இறுகப் பிடித்தாலோ, அது வடகிழக்கே ஏறி, ஸைபீரியாவின்மேல் வளைந்து சென்று ஜப்பானைத் தொடும். அந்நூலின் அளவு ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்திற் பறக்கும் விமானம், ஏறி இறங்கும் நேரமுட்பட, ஒன்பதரை மணியளவில் இதனைக் கடந்துவிடும். வழியிற் பெரும்பாகம் ருஷ்யா என்னும் ஒரே தேசத்தின் வானம்.

அவ்வானம் எக்காலமுந் திறந்திருந்ததன்று. சோவியத் ஆட்சியில் அது அயலார்க்குப் பெரும்பாலும் அடைபட்டே கிடந்தது. ஐரோப்பிய விமானங்கள் பல அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி, எண்ணெய் நிரப்பிக்கொண்டு ஜப்பான் சென்றன. 1983-ல் பின்னேர் கம்பெனியார் இடையில் இறங்காமற் பறக்கத் தொடங்கியபோதும், வட துருவத்தின் வழியாகவே போயினர். சுமார் 13 மணி நேரம் பிடித்தது. பின்னர் ஸைபீரிய வழி திறந்தது, நேரமுங் குறைந்தது. ஹெல்ஸிங்கி ஐரோப்பாவுக்கும் கீழ்த்திசைக்கும் இடையே குறுக்குவழிச் சந்தியாய்ச் செழித்தது.

2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரெயின்மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ருஷ்ய விமானங்களுக்குத் தம் வானத்தை அடைத்தன. ருஷ்யாவும் அவ்வாறே அடைத்தது. மார்ச்சு மாதத்தில் டோக்கியோவுக்கு மீண்டும் பறக்கத் தொடங்கிய விமானங்களுக்கு, துருவ வழியாயினும் தெற்கே சுற்றும் வழியாயினும், 13 மணி வேண்டியதாயிற்று. விமானம் புதிது, எந்திரம் புதிது. கடிகாரம் மட்டும் 1983-க்கே திரும்பிற்று! துருவத்தைக் கடந்த பிரயாணிகளுக்குச் சான்றிதழும் வழங்கினர். சுற்றுவழியையும் விருந்தாக்க வியாபாரிகள் அறிவர்.

போரில் வீடும் உற்றாரும் இழந்தவர் முன்னே மூன்றரை மணி நேரம் ஒரு பொருட்டாமோ என்று வினவலாம். ஆகாதுதான். ஆயினும், தன் வானத்தைத் தானே காக்கும் உரிமை ஒவ்வொரு தேசத்திற்கும் உண்டென்பதை 1944-ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையே ஒப்புக்கொண்டிருக்கின்றது. ஆகவே, நேர்வழியென்பது பூகோள சாஸ்திரம் தரும் பொருளன்று. அண்டை நாட்டார் இசைந்து தருவது.

பூகோளம் பயிலும் மாணாக்கரை நாம் வேண்டுவது ஒன்றுண்டு. இரு விமான நிலையங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை எழுதும்போது பிரயாண நேரத்தையும் எழுதுக. நேரத்தின் பக்கத்தில் ஆண்டையுங் குறித்திடுக. ஹெல்ஸிங்கி–டோக்கியோ என்பதற்கு எதிரே 1983-க்கு 13 மணி, 2019-க்கு ஒன்பதரை, 2022-க்கு மீண்டும் 13 என்று மூன்று வரிகள் வரும். 7,800 கிலோமீட்டர் என்பதை ஒருமுறை எழுதினாற் போதும்.