ஒரே பொத்தானில் தீராத விஷயம்

கைபேசியில் இடம் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்த மாத்திரத்தில், படித்தவர், படியாதவர், வாலிபர், வயோதிகர் என்ற பேதமின்றி நம்மவரில் பெரும்பாலோர் செய்கிற முதற் காரியம், ‘கிளீனர்’ என்ற பெயரோடு கிடைக்கும் ஏதேனும் ஒரு செயலியை இறக்கிக்கொள்வதுதான். அதிலுள்ள ஒரு பொத்தானை அழுத்தினால், உள்ளே மண்டிக் கிடக்கும் குப்பை யாவும் நீங்கி, இடமும் கிடைத்து, வேகமும் கூடிவிடும் என்ற நம்பிக்கை, மொபைல் ரிப்பேர் கடை முதல் கல்லூரி விடுதி வரையில், விவாதத்துக்கு அப்பாற்பட்ட சித்தாந்தம் போல நிலைபெற்றிருக்கிறது. இதை நான் முற்றிலும் மறுக்கிறேன்.

இச்செயலிகள் குப்பை என்று சிவப்பு எழுத்தில் கணக்கிட்டுக் காட்டுவதில் பெரும்பகுதி, யூடியூப், இன்ஸ்டாகிராம் போன்ற செயலிகள் தாம் ஒருமுறை இறக்கிய படங்களையும் பக்கங்களையும் மறுபடி இறக்காமலிருக்கும் பொருட்டு ஒதுக்கிவைத்துக்கொள்ளும் ‘கேச்’ என்பதுதான். இன்று அதை அழித்தால், நாளை அச்செயலிகளைத் திறந்ததும், நம் டேட்டாவையே செலவிட்டு அது பழையபடி நிரம்பிவிடும். “அழுத்தினேன், ஒரு ஜி.பி. கிடைத்ததே!” என்பவர் பொய் சொல்லவில்லை, மறுவாரமும் அதே ஒரு ஜி.பி.யை அவர் அழிக்க நேர்வதைத்தான் கவனிக்கத் தவறுகிறார். 2017-இல் வெளியான ஆண்ட்ராய்டு 8 முதற்கொண்டு, ஒவ்வொரு செயலியின் கேச்சுக்கும் ஓர் அளவு வகுத்து, இடநெருக்கடி ஏற்படுங்கால் அதை மீறியவற்றிலிருந்து தானாகவே அழிக்கத் தொடங்கும் ஏற்பாடு கைபேசியிலேயே இருக்கிறது.

இதனினும் கவலைக்குரிய விஷயம் ஒன்று உண்டு. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு, வெளியார் செய்த ஒரு செயலி மற்றச் செயலிகளின் கேச்சைத் தன்னிச்சையாக அழிக்க இயலாது. ஆகவே இந்தக் கிளீனர்களிற் பல, பார்வைக் குறை முதலியன உடையோர்க்கு உதவும்பொருட்டு ஏற்பட்ட ‘அக்ஸசிபிலிட்டி’ அனுமதியைக் கேட்கின்றன. திரையில் தோன்றுவதைப் படிக்கவும், நமக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் வல்ல அனுமதி அது. வங்கிக் கணக்கையும் குடும்பத்தாரின் அந்தரங்க உரையாடல்களையும் ஒருங்கே வைத்திருக்கும் கருவியில், முன்பின் அறியாத ஒரு நிறுவனத்துக்கு இத்தகைய அதிகாரத்தைச் சில நூறு எம்.பி.க்காக வழங்குவதை விவேகம் என்று எவ்வாறு சொல்வது? கோடிக்கணக்கானோர் நம்பிப் பயன்படுத்திய கிளீன் மாஸ்டரின் சரித்திரம் யாவரும் அறியத்தக்கது. அதை வெளியிட்ட சீட்டா மொபைல் என்ற சீன நிறுவனத்தின்மேல் 2018-இல் விளம்பர மோசடிப் புகார் எழுந்தது. 2020 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம், விளம்பர விதிகளை மீறியவை என்று ஏறக்குறைய 600 செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து விலக்கியபோது, அந்நிறுவனத்தின் செயலிகளும் அவற்றுள் அடங்கின. அதே ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் கிளீன் மாஸ்டரும் டியூ கிளீனரும் இடம்பெற்றன. அவை போயின, வேறு பெயர்களில் வேறு பல வந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டன.

சேமிப்பிடம் விளிம்பு வரை நிரம்பினால் கைபேசி மந்தமாகும் என்பது மெய்தான். அதிலுள்ள ஃபிளாஷ் நினைவகம் புதிதாக எழுதுவதற்குக் காலியிடத்தை நாடி நிற்பது. ஆனால் நிரப்பியது யார்? வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்து பாருங்கள்: பலமுறை ஃபார்வர்டு ஆனவை ஒரு தொகுதியாகவும், 5 எம்.பி.க்கு மேற்பட்டவை மற்றொரு தொகுதியாகவும் அங்கே வரிசைப்பட்டு நிற்கும். ரோஜாப் பூவும் குத்துவிளக்குமாகக் காலை வணக்கப் படங்கள், ஒரே கும்பாபிஷேக வீடியோ நான்கு குழுக்களிலிருந்து நான்கு பிரதிகள், எவரோ அனுப்பிய சமையல் குறிப்பு, அவற்றின் நடுவே பேரக் குழந்தை முதன்முதலில் நடந்த அரை நிமிஷக் காட்சி, காலமாகிவிட்ட தகப்பனார் “சாப்பிட்டாயா?” என்று கேட்டு அனுப்பிய குரற்பதிவு. இவற்றுள் அழிக்கத்தக்கது எது, ஆயுள் முழுதும் காக்கத்தக்கது எது என்று எந்தச் செயலியால் சொல்ல முடியும்? கோப்பின் அளவும் தேதியும் அதற்குத் தெரியும். நம் வாழ்க்கை தெரியாது. பிரித்தெடுக்கும் பொறுப்பு உடையவருடையது; அதைப் பிறரிடம் ஒப்படைக்கும் சௌகரியம் இவ்விஷயத்தில் இல்லவே இல்லை.

பொறுப்பை ஏற்பவர்க்கும் ஜாக்கிரதை வேண்டும். செட்டிங்ஸில் ‘கிளியர் கேச்’சும் ‘கிளியர் டேட்டா’வும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, வாட்ஸ்அப்பில் இரண்டாவதை அழுத்திவிட்டால், கடைசியாக எடுத்த பேக்கப்புக்குப் பிந்தைய உரையாடல்கள் போனவைதாம். பேக்கப் ஆன ஒரு படத்தை கூகுள் ஃபோட்டோஸில் அழிப்பவர், ‘கிளவுட்’ சேமிப்பில் பத்திரமாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே அங்கிருந்தும் அழிக்கிறார். அது ‘பின்’ என்ற குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடந்து, பிறகு நிரந்தரமாக மறைகிறது. கைபேசியிலிருக்கும் பிரதியை மட்டும் அகற்ற அதிலேயே ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று தனி வழி இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி.யும் படங்கள், மெயில், டிரைவ் மூன்றுக்கும் பொதுவானது. அது நிரம்பிவிட்டால் புதிய படங்கள் பேக்கப் ஆவதும் நின்றுவிடும். ஆதலின் அருமையான படங்களை ஒரு கணினியிலோ ஹார்டு டிஸ்க்கிலோ நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பின்னரே மூலத்தில் கைவைக்க வேண்டும்.

வீட்டிலுள்ள இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். அம்மாவோ தாத்தாவோ மெமரி ஃபுல் ஆகிவிட்டது என்று கைபேசியை நீட்டும்போது, ஒரு கிளீனரைப் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்கும் வசதியை நிறுத்திவையுங்கள். அரை மணி நேரம் அருகில் உட்கார்ந்து, எதை வைத்துக்கொள்வது என்று அவர்களையே கேட்டுக் கேட்டு அழியுங்கள்.