முக்காலியில் மிச்சம் பிடிக்காதீர்கள்

"கேமராவிலேயே நடுக்கத் தடுப்பு வந்துவிட்டது, காசையெல்லாம் அதில் போடுங்கள், முக்காலி எதுவானாலும் போதும்" என்ற வாதத்தை ஏற்க முடியாது. அந்தத் தடுப்பு கையில் பிடித்து எடுப்பதற்கானது. நட்சத்திரங்களுக்காக 20 நொடி ஷட்டரைத் திறந்து வைப்பவருக்கு அது உதவாது. முக்காலியில் ஏற்றியதும் பல கேமராக்களில் அதை அணைத்துவிடுவதே நல்லது.

லடாக்கின் ஹன்லேயை எடுத்துக்கொள்ளுங்கள். வானியல் ஆய்வகம் இருக்கும் குன்று சுமார் 4,500 மீட்டர் உயரம். அருமையான இருட்டு, கூடவே காற்று. நடுத்தண்டை முழுக்க உயர்த்திய ஒல்லி முக்காலியில் எத்தனை லட்ச ரூபாய் கேமராவை ஏற்றினாலும் அங்கே நட்சத்திரம் புள்ளியாக விழாது. தண்டை இறக்கி, கொக்கியில் பையைத் தொங்கவிட்டு (பை ஆடாமல் தரையைத் தொட வேண்டும்) பழைய கேமராவில் எடுத்த படம் அதைவிடத் தெளிவாக இருக்கும்.

வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ. லென்ஸ் என்றால் சுமார் 20 நொடிக்கு மேல் நட்சத்திரம் கோடாகும். மெகாபிக்சல் கூடினால் அந்த வரம்பு இன்னும் குறுகும். அதைத் தாண்ட, பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் வேண்டும். அதைத் தாங்குவதும் முக்காலிதான். மிச்சம் பிடித்தே ஆக வேண்டுமென்றால், கேமராவைப் பழையதாக வாங்குங்கள்.