எதிர்த்து ஏறும் மீனும் ஹலாலின் எல்லையும்



சேர்வராயன் மலையில் பெய்யும் மழை வாணியாறாக இறங்குகிறது. பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்திலுள்ள சுமார் 65 அடி உயர அணையை நிரப்பி, அரூரைக் கடந்து தென்பெண்ணையில் கலக்கிறது. கோடையில் மணலாய்க் கிடக்கும் இச்சிற்றாற்றில் புதுவெள்ளம் வந்தவுடன் கெண்டையும் கெளுத்தியும் நீரோட்டத்தை எதிர்த்து ஏறத் தொடங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை சினை மீன்கள். முட்டையிட இடம் தேடிச் செல்பவை. தடுப்பணையோ மதகோ குறுக்கிடும் இடத்தில் அவை கூட்டமாகத் தேங்கி நிற்கும். அந்த இடத்தில்தான் நம் ஊர்ப்பக்கங்களில் கொசுவலையோடும் கூடையோடும் கூட்டம் கூடுகிறது. சிலர் மின்சாரக் கம்பியையும் பிளீச்சிங் பவுடரையும் கொண்டு வருவதும் உண்டு.

கேட்டால், “மீன் ஹலால்தானே, அல்லாஹ் கொடுத்த ரிஸ்க்தானே” என்று மறுமொழி வரும். இந்த மறுமொழியில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். இஹ்ராம் அணிந்தவருக்குத் தரை வேட்டை தடுக்கப்பட்டிருந்தும், நீர் வேட்டை அனுமதிக்கப்பட்டுள்ளதை சூரா அல்மாயிதாவின் 96ஆம் வசனம் சொல்கிறது. மீனை அறுக்க வேண்டியதும் இல்லை. கூலி கிடைக்காத மழைநாளில் ஓர் ஏழை தன் பிள்ளைகளின் குழம்புக்கு இரண்டு மீன் பிடிப்பதை யாரும் குறை சொல்ல இயலாது.

ஆனால் உணவு ஹலால் என்பதால் அதை அடையும் வழியெல்லாம் ஹலாலாகிவிடுமா? திராட்சை ஹலால், பிறர் தோட்டத்தில் திருடிய திராட்சை அப்படியல்ல. அதே சூராவின் 94ஆம் வசனத்தைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இஹ்ராமில் இருப்போரின் கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தூரத்திலேயே வேட்டைப் பிராணிகளை வரச்செய்து, தன்னை மறைவில் அஞ்சுவோர் யார் என்று அல்லாஹ் சோதித்தான். சூரா அல்அஃராஃபின் 163ஆம் வசனம் கூறும் கடலோர ஊராருக்கும் மீன்களாலேயே சோதனை வந்தது. தடுக்கப்பட்ட சனிக்கிழமையில் மட்டும் மீன்கள் கண்ணெதிரே திரண்டு வந்தன. மற்ற நாள்களில் வரவில்லை. கைக்கு எளிதாக எட்டுவது எப்போதும் பரிசாக இருப்பதில்லை. சில வேளை அது சோதனை. சினை மீனைப் பிடிப்பது ஹராம் என்று நான் ஃபத்வா சொல்லவில்லை. அது உலமாக்களின் பணி. எளிதாகக் கிடைப்பதாலேயே அள்ளிக்கொள்ளும் மனநிலையைத்தான் நாம் அஞ்ச வேண்டும் என்கிறேன்.

ரோகு போன்ற பெருங்கெண்டை ஒன்றின் வயிற்றில் லட்சக்கணக்கான முட்டைகள் உண்டு. தேங்கிய குளத்து நீரில் அவ்வினம் இயல்பாக முட்டையிடுவதில்லை. மழைக்கால ஓட்டம் வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌத்ரி ஊசி மூலம் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்து காட்டிய பிறகே பண்ணைக் குஞ்சு உற்பத்திக்கு வழி பிறந்தது. இன்று அணைகளில் மீன்வளத்துறை விடும் குஞ்சுகள் அவ்வழியில் வந்தவை. ஆற்றுக் கெளுத்திக்கும் சிறு கெண்டைக்கும் அப்படிக் குஞ்சு வாங்கி விடுவார் யாருமில்லை. அவற்றுக்கு உள்ளது அந்தப் புதுவெள்ளம் மட்டுமே.

விராலின் செய்தி இன்னும் நெஞ்சைத் தொடுவது. தாயும் தந்தையும் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தை விட்டகலாமல் காவல் காக்கும். காவலில் நிற்கும் பெரிய மீனைப் பிடித்துவிட்டால், குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். பயணமொன்றில் தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை பதறிச் சிறகடித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளை அதனிடமே திருப்பித் தரச் சொன்னார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இந்நிகழ்ச்சி அபூதாவூதில் உள்ளது. நீருக்கடியில் நிகழும் பதற்றம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

வட அமெரிக்காவின் மேற்குக் கரைச் சிற்றாறுகளில் சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் கடலிலிருந்து பிறந்த ஓடைக்கே திரும்பி முட்டையிடுகின்றன. நீலகிரியின் அவலாஞ்சி ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரவுட்டும் இந்த ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். அங்கே பல ஓடைகளில் பிடிக்கும் பருவமும் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டுள்ளன. பண்ணையில் பிறந்த மீன்களை அடையாளம் காண, அவற்றின் சிறு துடுப்பொன்றை வெட்டி விடுகிறார்கள். துடுப்பு முழுமையாக உள்ள இயற்கை மீனைப் பல இடங்களில் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். வேடிக்கைக்காகத் தூண்டிலிட்டு விடுவிக்கும் பழக்கத்தை நாம் அவர்களிடமிருந்து கற்க வேண்டியதில்லை. உயிருள்ளதை விளையாட்டுக் குறியாக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அளவறிந்து எடுப்பதைக் கற்கலாம். அது நமக்குப் புதிதும் அன்று. உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள் என்பது குர்ஆன் வகுத்த நெறி.

நஞ்சையும் வெடியையும் பற்றி விவாதத்துக்கே இடமில்லை. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே இவ்விரண்டையும் தடைசெய்தது. நம் மாவட்டத்தின் ஒகேனக்கல் வழியாகப் பாயும் காவிரிக்கே உரிய கூன்முதுகு மாசீர், 50 கிலோவுக்கும் மேல் வளரக்கூடிய மீன். 2018 முதல் அது அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வெடிவைத்துப் பிடித்ததும் அதற்கொரு காரணம். நஞ்சிட்ட நீரைக் கால்நடைகளும் குடிக்கின்றன. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்ற நபிமொழி இங்கே நேராகப் பொருந்துகிறது.

“நாம் விட்டால் வேறொருவர் பிடித்துக்கொள்வார்” என்பது அடுத்த வாதம். சனிக்கிழமை ஊராரிடையே மூன்று பிரிவினர் இருந்தனர்: வரம்பு மீறியோர், தடுத்தோர், தடுத்துப் பயனென்ன என்று கேட்டோர். காப்பாற்றப்பட்டதாகக் குர்ஆன் தெளிவாகக் கூறுவது தடுத்தோரையே. விளைவு நம் கையில் இல்லை; எச்சரிப்பது நம் கடமை.

ஆகவே மஹல்லா ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு ஜும்ஆ பயானில் இதைப் பேசச் சொல்லுங்கள். புதுவெள்ளத்தின் முதல் சில நாள்கள் தடுப்பணைக்கடியில் வலை வீசுவதில்லை, கொசுவலை, மின்சாரம், நஞ்சு ஆகியவற்றை எப்போதும் தொடுவதில்லை, குஞ்சுகளோடு திரியும் விராலைப் பிடிப்பதில்லை என்று நம் இளைஞர்கள் உறுதி கொள்ளட்டும். ஊரின் மாற்றுமதச் சகோதரர்களையும் அழைத்துப் பேசுங்கள். ஆறு அனைவருக்கும் பொது. தாய்மார்களே, சந்தையில் சினை மீனைத் தேடி வாங்காதீர்கள். வாங்குவோர் குறைந்தால் பிடிப்போரும் குறைவர்.

அல்லாஹ் அனுமதித்ததை நன்றியோடு உண்டு, அவன் படைப்பை அமானிதமாகப் பேணுவோராக நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.