ஆள் பற்றாக்குறையா, வண்டிப் பற்றாக்குறையா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் 3 ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. பழம் பறிக்க அடிவார ஊர்களிலிருந்து பிக்அப் வண்டியில் ஆட்களை ஏற்றி வருகிறோம். போலீசார் நிறுத்தி அபராதம் போடுகிறார்கள். பஸ்ஸை நம்பினால் 10 மணிக்கு வருகிறார்கள். 3 மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். என்ன செய்வது?
- கீழ்மலை வாசகர்

பதில்: தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் என்று கீழ்மலையில் எங்கு போனாலும் 'ஆள் கிடைக்கவில்லை' என்பதே முதல் குறை. கூலியைக் கூட்டியும் ஆள் வரவில்லை என்றால், அவர்கள் வந்து போகும் வழியையும் பார்க்க வேண்டும்.

பழனி மலையின் தோட்டங்கள் வெளியூர் ஆட்களின் உழைப்பாலும் வளர்ந்தவை. அடிவாரத்துக் கூலிக் குடும்பங்களும், 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களும் இங்கே உழைத்திருக்கின்றன. இப்போது வட மாநிலத்தவரும் வருகிறார்கள். சொந்த வண்டி இல்லாத இவர்களுக்கு பஸ் இல்லையென்றால் வேலையும் இல்லை.

தோட்டத்துக்கு என்ன நஷ்டம்?

அரபிகா பழம் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. 10 முதல் 15 நாட்களுக்கு ஒரு முறை பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும். ஒரு சுற்று தவறினால் பழம் செடியிலேயே காயும், கீழேயும் உதிரும். அப்படி விடுபட்ட பழத்தில்தான் காய்த்துளைப்பான் வண்டு தங்கி அடுத்த பருவத்தில் பெருகும். பறித்த பழத்தை அன்றே பல்ப்பரில் தோல் நீக்காவிட்டால் புளித்துத் தரம் குறையும்.

12 பேர் ஆளுக்கு 2 மணி நேரத்தை வழியில் இழந்தால் மொத்தம் 24 மணி நேரம். 8 மணி நேர வேலைக் கணக்கில் இது 3 ஆள் வேலை.

பிக்அப் வேண்டவே வேண்டாம்

மூட்டை ஏற்றும் வண்டியில் ஆள் ஏற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். சரக்கு வாகனத்தில் பயணியாகச் சென்றவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. கொண்டை ஊசி வளைவில் வண்டி கவிழ்ந்தால் கூலிக்கு வந்த குடும்பம் நிற்கதியாகும். வண்டிக்காரர் வீடு வாசலை விற்க நேரலாம். அபராதம் இதற்கு முன் சிறிய தொகை.

இந்தப் பருவத்துக்குச் செய்ய வேண்டியவை

ஓட்டுநர் தவிர 12 பேர் வரை ஏற்ற அனுமதியுள்ள 'மேக்சி கேப்' வண்டியை, பக்கத்துத் தோட்டக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து பருவம் முழுவதற்கும் பேசி வைக்கலாம். பறிப்பு நாட்களை முறை வைத்துப் பிரித்துக்கொண்டால் ஒரே வண்டி எல்லோருக்கும் போதும். ஆர்.சி. புத்தகம், பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் நான்கும் நடப்பில் உள்ளனவா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். வாடகையைக் கூலியில் பிடிப்பது ஆளை விரட்டும் வேலை.

வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்களுக்கு மழை ஒழுகாத இடமும் கழிப்பறையும் தேவை. தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள் அரிசி வாங்க மலை இறங்க வேண்டியதில்லை. 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டத்தில் அருகிலுள்ள கடையிலேயே வாங்கலாம். வட மாநிலத்தவருக்கும் இந்தத் திட்டம் பொருந்தும்.

நிரந்தர வழி

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் கொடைக்கானல் உள்ளிட்ட மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்கப்படும் என்று 2024-25 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. பழம் பறிப்பவர்களில் பெண்களே அதிகம். காலை 7 மணிக்கு ஏறி மாலை 5 மணிக்கு இறங்கும் பஸ் இருந்தால்தான் இந்தச் சலுகை அவர்களுக்குப் பயன்படும். ஆகவே நேரத்தை மாற்றித் தரும்படி போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் கேட்க வேண்டும்.

பஸ்ஸே போகாத ஊர்களுக்குப் புதிய மினி பஸ் திட்டம் இருக்கிறது. 2025 ஜூனில் தொடங்கிய இத்திட்டத்தில் ஒரு வழித்தடம் 25 கி.மீ. வரை இருக்கலாம், அதில் பெரும்பகுதி பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும். பஸ் ஓட்ட விரும்புபவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

பாதையே இல்லாத ஊர்களின் கதை வேறு. வத்தலக்குண்டு மலைச்சாலை வருமுன், பெரியகுளம் பக்கமிருந்து வெள்ளகவி வழியாகச் செம்பகனூருக்கு ஏறும் ஒற்றையடிப் பாதைதான் கொடைக்கானலுக்கு வழி. மலைச்சாலை வந்த பிறகும் வெள்ளகவியின் விளைச்சல் நெடுங்காலம் குதிரை முதுகில்தான் இறங்கியது. இத்தகைய வனக் கிராமங்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உதவும். பிரிவு 3(2)-இன்படி, கிராம சபை பரிந்துரைத்தால், 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைச் சாலைக்கு ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் கிராம சபைத் தீர்மானம். 'பஸ் வேண்டும்' என்று மட்டும் எழுதினால் மனு கோப்பிலேயே கிடக்கும். எந்த ஊரிலிருந்து, எந்த நிறுத்தத்துக்கு, எந்த மாதங்களில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று கணக்கோடு எழுதி, பள்ளிப் பிள்ளைகள் எண்ணிக்கையையும் சேர்த்து, ஆட்சியருக்கு நகல் அனுப்ப வேண்டும். நவம்பரில் பறிப்புக்கு வண்டி வர வேண்டுமென்றால் மே 1 கூட்டத்திலேயே தீர்மானம் போடுவது நல்லது; தவறினால் ஆகஸ்ட் 15-ஐ விடக்கூடாது.