பழைய புத்தகமும் பகுத்தறிவும்

பணக்காரன் பொழுது போக்குவதற்கு நம் நாட்டில் ஆயிரம் வழி உண்டு. ஏழைக்கோ தேரும் திருவிழாவும், சாராயக் கடையும், சினிமாவுந்தான் என்று வெகு காலமாக ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். கைக்காசும் போகாமல், இருக்கிற புத்தியும் போகாமல், கொஞ்சம் புத்தி வளரவும் இடமளிக்கக்கூடிய பொழுதுபோக்கு ஒன்று உண்டென்றால், அது பழைய புத்தகக் கடையில் உட்கார்ந்து புத்தகம் பொறுக்குவதேயாகும் என்று நாம் துணிந்து சொல்லுவோம்.

அதன் இன்பம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். புதுப் புத்தகக் கடையில் நமக்கு என்ன வேண்டுமென்று தெரிந்துகொண்டு போக வேண்டும். பழைய புத்தகக் கடையிலோ நமக்கு இன்னது வேண்டுமென்பதையே அந்தக் குவியல்தான் நமக்குச் சொல்லிக் கொடுக்கும். ஜோசிய நூலுக்கும் சமையல் நூலுக்கும் நடுவில் இங்கர்சால் கிடப்பார். அட்டை கிழிந்த பஞ்சாங்கத்துக்கு அடியில் ருஷ்ய நாவல் கிடக்கும். ஐம்பது ரூபாயில் இரண்டு புத்தகமும் ஒரு டீயும் முடிந்துவிடும். இரண்டு தோழர்கள் சேர்ந்து போனாலோ, "நான்தான் முதலில் பார்த்தேன்" என்று சண்டை. பிறகு ஒருவர் வாங்கி இருவரும் படிப்பதென்று ராஜி. படித்தபின் அதைப் பற்றி ஒரு மாதத்துக்கு வாதம். கோவிலுக்குப் போய் வருகிறவர்களுக்குள் இப்படி ஒரு வாதம் நடப்பதுண்டா?

நம் மக்களில் பெரும்பாலோருக்குப் புத்தகம் என்பது இன்னும் படிக்கிற வஸ்துவாக இல்லை. பூஜை செய்கிற வஸ்துவாகவே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் சரஸ்வதி பூஜை என்று சொல்லிப் புத்தகங்களை அடுக்கிப் பொட்டு வைத்துப் பொரி கடலை படைக்கிறார்கள். அன்றைக்கு மட்டும் அதைத் தொட்டுப் படிக்கக் கூடாதாம்! பழைய கடைக்கு வரும் புத்தகங்களில் இதற்குச் சாட்சி பார்க்கலாம். சிலவற்றில் முதல் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் இருக்கும். உள்ளே ஒரு தாளும் விரல் பட்டிராது. சிலவற்றில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடும், "இது சரியா?" என்ற கேள்வியும் இருக்கும். இவ்விரண்டில் கல்வியை மதித்தவன் யார் என்று நாம் கேட்கிறோம்.

சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்டால் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி அந்தக் காதிலே ஊற்று என்று கௌதம தர்ம சூத்திரம் எழுதி வைத்திருக்கிறது. படிப்பு ஒரு ஜாதியாரின் வீட்டுச் சொத்தாக இருந்த நாட்டில், அச்சு இயந்திரமும் மலிவுப் புத்தகமும் வந்ததே பெரிய புரட்சியாகும். அந்தப் புத்தகம் இன்னும் மலிந்து, தெருவோரத்தில் கோணிமேல் வந்து, "யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்" என்று கிடப்பதோ அதிலும் பெரிய புரட்சியாகும். அங்கே தீட்டு இல்லை, கோத்திரம் கேட்பாரில்லை. ஒரு பிராமணர் படித்த புத்தகத்தை ஆதிதிராவிடத் தோழர் வாங்குகிறார். அவர் படித்ததை இன்னொருவர் வாங்குகிறார்.

பழைய ஏடுகளைக் காப்பாற்றியது பக்தி என்று சிலர் சொல்லுவதுண்டு. பக்தி செய்த வேலையை உ.வே. சாமிநாதய்யரே தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலிலே இருந்த ஏடுகளைத் தேடிக்கொண்டு அவர் போனபோது, அவற்றை ஆகமப்படி என்று சொல்லி நெருப்பிலே ஆகுதி செய்துவிட்டதாகத் தெரிந்து வருந்தியிருக்கிறார். அவர் பக்திமான்தான், ஆனால் ஏடுகள் மிஞ்சியது ஊர் ஊராக அலைந்த அவர் காலால், சாஸ்திரத்தால் அல்ல.

நிற்க, மலிவுப் புத்தகத்துக்கும் பகுத்தறிவுக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. இங்கிலாந்தில் பகுத்தறிவாளர் பதிப்பகத்தார் 1902 முதல் ஆறு பென்னிக்கு ஒரு புத்தகமும், 1929 முதல் ஒரு ஷில்லிங்குக்கு ஒரு புத்தகமுமாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாகாணத்து ஒரு சிற்றூரிலிருந்து ஹால்டமன்-ஜூலியஸ் என்பவர் ஐந்து சென்ட் விலையில் கோடிக்கணக்கான சிறு புத்தகங்களை விற்றார். இங்கே ஈரோட்டிலிருந்தும் அணாக்கணக்கில் புத்தகங்கள் வந்தன. பகத்சிங் நாத்திகத்தைப் பற்றி எழுதியதை ஜீவானந்தம் தமிழில் கொடுத்ததற்கு அன்றைய வெள்ளைக்கார சர்க்கார் நடவடிக்கை எடுத்தது. டாக்டர் அம்பேத்கர் 1936-ல் லாகூர் மகாநாட்டுக்கு எழுதி, அங்கே பேசவிடாமல் தடுக்கப்பட்ட சொற்பொழிவும் "ஜாதியை ஒழிக்க வழி" என்று தமிழர் கைக்கு வந்தது. இவற்றின் பழம் பிரதி ஒன்று கையில் கிடைக்கும்போது, அதைச் சட்டைக்குள் மறைத்து வைத்துப் படித்த ஒரு தோழனின் கையையே பிடித்தது போலிருக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. 1935-ல் பெரியார் தம் பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டார். சர்க்கார் அதை ஒப்புக்கொண்டது 1978-ல். இந்த 43 வருஷத்திய புத்தகங்களைக் குவியலில் புரட்டிப் பார்த்தால், யார் மாறினார்கள், யார் பிடிவாதமாய் நின்றார்கள் என்பது ணா, றா, னா என்ற எழுத்துகளிலேயே தெரியும். இதற்கு மேல் சரித்திர பாடம் வேறென்ன வேண்டும்?

சென்னையில் 1900-ல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் இதற்கெல்லாம் பெரிய சர்வகலாசாலையாக இருந்தது. சம்பளம் கட்ட முடியாத எத்தனையோ பேர் அங்கே நின்றுகொண்டே படித்தார்கள். 1985 மே மாதத்தில் அது எரிந்து போயிற்று. அந்த நெருப்பு ஒரு நாளைய நெருப்பு. நம் தோழர்கள் வீடுகளில் தினந்தோறும் எரிகிற நெருப்போ யார் கண்ணிலும் படுவதில்லை. வயதான தோழர் ஒருவர் இறந்து போவார். அவர் ஐம்பது வருஷம் சேர்த்த பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் வீட்டார் "குப்பை" என்று சொல்லி எடைக்குப் போடுவார்கள். சடங்கு வேண்டாமென்று எழுதி வைத்த தோழர்களுண்டு. தம் புத்தகம் யாருக்கு என்று எழுதி வைத்த தோழர்கள் எத்தனை பேர்?

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா என்னும் ஒரு தனி மனிதர் பழைய புத்தகமும் பத்திரிகையும் சுமார் ஒரு லட்சம் சேர்த்தார். அவர் 1992-ல் இறந்தபின் அது சிகாகோ சர்வகலாசாலையின் உதவியால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஒரு பலகை எழுதுபவரால் ஆனது, ஓர் ஊர்த் தோழர்கள் எல்லோரும் சேர்ந்தால் கொஞ்சமாவது ஆகாதா?

"எல்லாம் கைப்பேசியிலேயே வருகிறதே, இந்தத் தூசியும் பூச்சியும் எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கலாம். கைப்பேசியில் வருவது நல்லதே, நாமும் படிக்கிறோம். ஆனால் அதில் ஏற்றுவதற்கு யாரோ ஒருவன் அந்தத் தாளை எடைக்குப் போடாமல் வைத்திருந்தானே, அவனில்லாவிட்டால் எதை ஏற்றுவது?

ஆனால் ஓர் எச்சரிக்கை. புத்தகத்தை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி, வருவோர்க்கு முதுகை மட்டும் காட்டுகிறவனுக்கும், சாமியைக் கருவறையில் பூட்டி வைத்து எட்ட நின்று கும்பிடச் சொல்லுகிறவனுக்கும் நாம் வித்தியாசம் காணவில்லை. சேர்ப்பது கொடுப்பதற்காகத்தான். இரவல் கொடுத்தால் சில திரும்பி வராதுதான். உண்டியலில் போட்டது மட்டும் திரும்பி வந்ததா? இதுவாவது யாரோ ஒருவன் தலைக்குள் போயிருக்கும்.

ஆகவே தோழர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகக் கடைக்குப் போய் வரட்டும். வாங்கியதை மனைவியும் மகளும் படிக்கும்படி வீட்டில் வெளியே வைக்கட்டும். ஊருக்கு ஒரு பெட்டி வைத்து, ஒரு நோட்டில் பெயரெழுதி, எல்லா ஜாதியாரும் எடுத்துப் போகும்படி செய்யட்டும். எதிர்க் கட்சிக்காரன் புத்தகமும் அந்தப் பெட்டியில் இருக்கட்டும். அதைப் படித்துப் பயப்பட வேண்டிய அவசியம் நமக்கில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தங்களுக்குப் பின் தங்கள் புத்தகம் யாருக்கு என்பதை இன்றே எழுதி வைக்கட்டும்.