அச்சகத்துக்குப் போகுமுன்

நம் கல்லூரியில் எழுதுகிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. தமிழ்மொழித்தினப் போட்டிக்கும் மீலாத் விழாவுக்கும் இந்தச் சஞ்சிகைக்கும் எழுதுகிறார்கள். யாருக்கும் காட்டாமல் கொப்பிகளில் எழுதி வைத்திருப்பவர்களும் உண்டு. உயர்தரம் முடிகிறது, கல்யாணம் பேசுகிறார்கள், கொப்பி பழைய கடதாசியோடு நிறைக்குப் போய்விடுகிறது. எழுத்து நல்லதோ கெட்டதோ என்று எவரும் பார்ப்பதற்கு முன்பே அது முடிந்துபோகிறது. ஆகவே, எழுதுகிற பெண்பிள்ளை தன் நூலைத் தானே வெளியிட முயல்வதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் நம்மூரில் வழக்கமாக நடக்கிற முறையில் அல்ல.

சொந்தச் செலவில் நூல் போடுவது பதிப்பகம் கிடைக்காதவர்களின் வேலை என்று சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அப்படிப் பேசலாகாது. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து, நம் தெருக்களுக்குப் பக்கத்திலேயே வண்ணார்பண்ணையில் அதை நிறுவி, தம் நூல்களைத் தாமே அச்சிட்டார். கண்டியில் அறிஞர் சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தாமே தொடங்கினார். இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் ‘அசன்பேயுடைய கதை’ 1885இல் வந்தது. அதை எழுதியவரும் அவரே. நம் பெண்பிள்ளைகளின் கல்விக்கு வாதாடியவரும் அவரே. 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா பிரதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து விற்றார். இவர்களில் எவரும் இன்னொருவர் வந்து தம்மைப் பதிப்பிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

வழக்கமான முறை என்று நான் சொல்வது இதுதான்: கவிதைகள் நாற்பது சேர்ந்தவுடன் அச்சகத்துக்குப் போகிறார்கள். அட்டைக்கு ஒரு பெரிய தொகை. ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, முன்னுரை என்று இருபது பக்கம். பிறகு மண்டபம், மாலை, சிற்றுண்டி, முதற்பிரதி வாங்க ஒரு வர்த்தகர். விழாவில் கையில் கிடைக்கும் உறைகள் அச்சுக்கூலியை ஓரளவு ஈடுசெய்யும். மிச்சமான முந்நூறு பிரதிகள் கட்டிலுக்கடியில் பெட்டிகளில் கறையானுக்குக் காத்திருக்கும். நூலைத் திறந்தால் முதற்பக்கத்திலேயே ஒற்றுப்பிழை. இத்தனை செலவிலும் பிழை திருத்துவதற்கென்று ஒரு ரூபாகூட ஒதுக்கப்பட்டிருக்காது.

என் கருத்தில் முதல் செலவு, வேறெதற்கும் முன்னே, திருத்தத்துக்குப் போக வேண்டும். ஆசிரியை ஒருவர் அன்பாகப் பார்த்துத் தருவது நல்லதுதான். ஆனால் அன்பு சில பக்கங்களில் கண்ணை மறைக்கும். உங்களைத் தெரியாத, தமிழ் தெரிந்த ஒருவரிடம் கூலி கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன், இலவசமாகக் கிடைக்கிற கருவிகளைக் கொண்டு நீங்களே ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டுக் கணினியாளர் நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’ எழுத்துப்பிழைகளைக் காட்டும். அவருடைய ‘நாவி’ சந்திப்பிழைகளைக் காட்டும். இரண்டையும் இணையத்தில் காசில்லாமல் பயன்படுத்தலாம். ஒன்று மட்டும் கவனம்: ‘வாப்பா’, ‘உம்மா’, ‘கொப்பி’ என்பவற்றை எந்தக் கருவியாவது பிழை என்று காட்டினால் மாற்றிவிடாதீர்கள். அவை நம் வீட்டுச் சொற்கள். இப்போது கைபேசியில் வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் ஒரு கதையைத் திருத்தக் கொடுத்தால், சோனகதெருவில் பேசுகிற பாத்திரம் சென்னையில் பேசத் தொடங்கிவிடும் அபாயமும் உண்டு. பிழை காட்டச் சொல்லுங்கள், எழுதச் சொல்லாதீர்கள்.

அடுத்தது தட்டச்சு. இது சிறிய விடயம்போலத் தோன்றும், ஆனால் நூலின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. நமது அச்சகங்களில் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யும் பழக்கம் இருக்கிறது. பாமினியில் உள்ள கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குப்பையாகத் தெரியும். இணையத்தில் தேடினாலும் அகப்படாது. யூனிகோடில் தட்டச்சு செய்தால் உலகில் எந்தக் கருவியிலும் தமிழாகவே திறக்கும். வீட்டில் கணினி இல்லாவிட்டால் கைபேசியிலேயே செய்யலாம். கூகுள் ஆவணத்தில் வாய்விட்டு வாசித்தாலும் தட்டச்சாகும், பிறகு திருத்திக்கொள்ள வேண்டும். அச்சகத்தார் பாமினிதான் வேண்டும் என்றால் மாற்றிக் கொடுக்கலாம். அதற்கு ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் செய்த ‘பொங்குதமிழ்’ போன்ற எழுத்துரு மாற்றிகள் உண்டு. ஆனால் யூனிகோடுப் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். அச்சகத்தில் கடைசியாகத் திருத்திய கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், காகிதத்துக்கு என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1990 ஒக்டோபரில் இந்த ஊர் முஸ்லிம்கள் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, உடுத்த உடுப்போடு போனவர்கள் புத்தக அலுமாரியைத் தூக்கிக்கொண்டா போனார்கள்? திரும்பி வந்தபோது வீடே இல்லை. அந்த வீடுகளில் எத்தனை கையெழுத்துக் கொப்பிகள் இருந்தன என்று கணக்கெடுக்க வழியே இல்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றி வருகிறது. முஸ்லிம் எழுத்தாளர்களின் நூல்களும் பழைய இதழ்களும் அங்கே உள்ளன. உங்கள் நூல் வெளிவந்ததும் ஒரு பிரதி அங்கே போய்ச் சேர வேண்டும். என். செல்வராஜாவின் ‘நூல்தேட்டம்’, எஸ்.எச்.எம். ஜெமீலின் ‘சுவடி ஆற்றுப்படை’ போன்ற விவரத்திரட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். நூலைக் கண்ணால் காண முடியாதபோதும், அப்படியொரு நூல் இருந்தது என்பதற்கு அந்த ஒரு பதிவு சாட்சி சொல்கிறது.

சட்டத்தின் பக்கம் சுருக்கமாக. சர்வதேச தராதர நூல் எண்ணை, அதாவது ஐ.எஸ்.பி.என். இலக்கத்தை, கொழும்பு 7, சுதந்திர மாவத்தையில் உள்ள தேசிய நூலகம் வழங்குகிறது. தன் நூலைத் தானே வெளியிடுபவரும் விண்ணப்பிக்கலாம். இலங்கைக்குரிய எண்கள் 955, 624. எழுத்தாளர்கள் நூல் வெளியிட உதவும் திட்டமொன்றும் அங்கே உண்டு, விசாரித்துப் பாருங்கள். பதிப்புரிமையை எங்கும் பதிய வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவருக்கே அது உரியது, அவர் காலத்துக்குப் பின்னும் 70 ஆண்டுகள். அச்சுக்கூலி வாங்கியவருக்கு அதில் பங்கில்லை. எவரேனும் கையொப்பம் கேட்டால் வாப்பாவோடு இருந்து முழுவதையும் வாசித்த பிறகே போடுங்கள்.

எத்தனை பிரதி? ஓப்செட் அச்சில் தகடு போடும் செலவு பத்துப் பிரதிக்கும் ஐந்நூறுக்கும் ஒன்றுதான். அதனால்தான் அச்சகத்தார் கூடுதலாக அடிக்கச் சொல்வார்கள், ஒரு பிரதியின் விலையும் குறையும். ஆனால் விற்காத பிரதியின் விலை எப்படிக் குறையும்? இப்போது டிஜிட்டல் அச்சில் ஐம்பது பிரதி மட்டும் எடுக்கலாம். முடிந்தால் இன்னும் ஐம்பது. பக்க எண்ணிக்கை பதினாறின் மடங்காக வரும்படி பார்த்துக்கொண்டால் வெற்றுத்தாள் வீணாகாது. புத்தகக் கடைகள் கழிவு எடுத்துக்கொண்டுதான் விற்கும், அதையும் சேர்த்தே விலை போட வேண்டும்.

மின்னூல் என்றால் இரண்டு வழிகள். ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளம் நூலை இலவசமாக வெளியிடும். ஆனால் அது கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வரும். ஒருமுறை கொடுத்த அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது, யோசித்துக் கொடுங்கள். அமேசான் கிண்டில் 2016 முதல் தமிழ் மின்னூல்களை விற்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் அங்கே தாமாகக் கணக்குத் திறக்க முடியாது, பெற்றோர்தான் திறக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெண்பிள்ளையின் பெயரும் படமும் ஊரெல்லாம் போவதா என்ற தயக்கம் உங்களில் பலருக்கு உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. படம் போடாமல் நூல் வெளியிடலாம், புனைபெயர் வைக்கலாம், மண்டபமும் மேடையும் இல்லாமல் வீட்டு முற்றத்தில் சொந்தக்காரருக்குக் கொடுத்தும் வெளியிடலாம். கிழக்கிலிருந்து அனாரும் குருநாகல் பக்கத்திலிருந்து பஹீமா ஜஹானும் எழுதியதைக் கடல் கடந்தும் வாசிக்கிறார்கள். அவர்களுடைய நூல்களை வீட்டில் வாங்கி வைத்து நீங்களும் வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் நகையை அடகு வைத்து ஒரு நூலும் போட வேண்டாம்.

தனியாக ஒருத்தி நூல் போடுவதற்கு முன்னே, கல்லூரித் தமிழ் மன்றம் ஒரு சிறிய தொகுப்பைப் போடலாம் என்பது என் யோசனை. பத்துப் பிள்ளைகள், 64 பக்கம், ஐம்பது பிரதி. விழா வேண்டாம், வாழ்த்துரை ஒன்று போதும். அட்டையைச் சித்திரப் பாட மாணவியர் வரையட்டும். ஐ.எஸ்.பி.என். விண்ணப்பத்தைப் பிள்ளைகளே நிரப்பட்டும், பிழைகளை ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி பார்க்கட்டும். வீட்டில் உம்மம்மாவிடம் 1990க்கு முந்திய தெருவைப் பற்றிக் கேட்டு எழுதினாலே பாதிப் பக்கம் நிறைந்துவிடும். கணினி அறையைக் கிழமையில் ஒருநாள் பாடசாலை விட்டபின் ஒருமணிநேரம் திறந்து வைத்தால், மூன்றாம் தவணைக்குள் தட்டச்சு முடிந்துவிடும்.